சிலந்தியரிசியை எண்ணூர் மணலில் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் காட்டுக் கிழங்குகள் பற்றி வந்த பக்கத்தில் சிலந்தியரிசிக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அங்கே அச்சாகியிருந்த படம் சிலந்தியரிசி அல்ல, நரிவெங்காயம். படத்துக்குக் கீழே, கடற்கரை மணலில் தாராளமாகக் கிடைக்கும், தோண்டி அவித்துச் சாப்பிடலாம் என்று ஒரு வரி வேறு. அந்தப் படத்தையும் இந்த வரியையும் நம்பி ஒருவர் மண்வெட்டியோடு கிளம்பினால் போய்ச் சேரும் இடம் மருத்துவமனைதான். திருத்தம் உடனே வர வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வாசகர்கள் பலருக்கு மணல் எட்டும் தூரத்தில் இருப்பதால், விவரத்தையும் சற்று நீட்டியே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் சமையல் பகுதியை வெட்டிவிடுங்கள். அடையாளம் காட்டும் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

சிலந்தியரிசி கோரை இனத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் சைப்பரஸ் பல்போசஸ். மார்ட்டின் வால் என்ற தாவரவியலாளரின் பெயர் ஒட்டி 1805-இல் அச்சேறியது. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா என்று வெப்ப நாடுகளின் மணற்பாங்கான நிலங்களில் வளர்கிறது. நடு ஆஸ்திரேலியாவில் அரெர்ந்தே மக்கள் ஓடைக்கரை மணலைக் குச்சியால் கிளறி இதை எடுத்து, சுடுசாம்பலில் புரட்டி, உள்ளங்கையில் தேய்த்துத் தோல் நீக்கித் தின்கிறார்கள். நம் சோழமண்டலக் கரையில் இது விளைந்ததையும், பஞ்சத்தில் ஏழைகள் இதை மாவாக்கி உண்டதையும் 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தாவரக் குறிப்புகள் பதிந்திருக்கின்றன. சுட்டாலும் அவித்தாலும் உருளைக்கிழங்கின் ருசி என்கின்றன அவை. இத்தனை பொடியாக இல்லாதிருந்தால் நல்ல உணவுப் பயிராகியிருக்கும் என்ற ஆதங்கமும் கூடவே வருகிறது. அந்த ஆதங்கம் நியாயமானது. ஒரு கிழங்கு அரை கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ சேர்க்க இரண்டாயிரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். இதைப் பறித்து விற்றுச் சுய உதவிக் குழுக்கள் வருமானம் பார்க்கலாம் என்று உங்கள் கட்டுரை சொன்னதைப் படித்தபோது, எழுதியவர் இந்தக் கிழங்கைக் கையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்றே தோன்றியது.

செடியை அறிய முதலில் தண்டைப் பிடியுங்கள். பூக்கொத்தைத் தாங்கும் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்பட வேண்டும். வழவழவென்று உருண்டு ஓடினாலோ, தட்டையாக இருந்தாலோ அது சிலந்தியரிசி இல்லை, விட்டுவிடுங்கள். செடி பெரும்பாலும் ஒரு சாண் உயரந்தான். இலை மிகக் குறுகல், அடியிலிருந்தே கிளம்பும். தண்டின் உச்சியில் செம்பழுப்புக் கதிர்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும். அவற்றுக்குக் கீழே இலை மாதிரியான இரண்டு மூன்று மடல்கள் நீளும். இதோடு அடையாளம் முடிந்துவிடாது, மண்ணுக்குள்ளும் பார்க்க வேண்டும். செடியின் அடியிலிருந்து மெல்லிய இழைகள் மணலுக்குள் ஓடும். ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரே ஒரு கிழங்கு. முட்டை வடிவம், ஒரு முனை கூர்மை, நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். மேலே கருப்பழுப்பில் காகிதம் போன்ற தோல் உரிந்துகொண்டு நிற்கும். தோலைத் தேய்த்து நீக்கி நகத்தால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, மாவுப் பிடிப்போடு இருக்கும். வெங்காயம் மாதிரி வளையம் வளையமாகப் பிரிந்தால் அது வேறு. நூறு கிழங்கில் ஒன்று அப்படிப் பிரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

இலையைப் பிடித்து இழுத்தால் கிழங்கு வராது. இழை அறுந்து செடி மட்டும் கையோடு வரும், கிழங்கு மணலிலேயே தங்கிவிடும். "இதில் கிழங்கே இல்லை" என்று பலர் சொல்வது இதனால்தான். நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு சாண் வரை மணலோடு சேர்த்து அள்ளிச் சலிக்க வேண்டும்.

இனி, எதையெல்லாம் இதுவென்று நினைத்துவிடுவார்கள் என்பது. சாதாரணக் கோரைக்கிழங்கு, அதாவது முத்தக்காசு, ஆபத்தில்லாதது. காலி மனை, பூங்கா, சாக்கடை ஓரம் எங்கும் கிடக்கும். அதன் கிழங்குகள் ஒரே வேரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து நிற்கும், மரம்போல் கெட்டி, கடித்தால் கசப்பு. நசுக்கினால் நலங்கு மாவில் வரும் அந்த வாசனை வந்துவிடும். மருந்துக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது. டைகர் நட் என்று இப்போது பாக்கெட்டில் விற்கிறார்களே, அது மூன்றாவது கோரை. கிழங்கில் குறுக்கு வரிகள் உண்டு, இனிக்கும், ஸ்பெயினின் வலென்சியாப் பக்கம் இதிலிருந்து பால் எடுத்துக் குடிக்கிறார்கள். அதையும் சிலந்தியரிசியையும் ஒன்றென்று உங்கள் கட்டுரை எழுதியது பிழை, ஆனால் உயிருக்கு உலை வைக்கும் பிழை அல்ல.

படத்தில் வந்த நரிவெங்காயம் அப்படியல்ல. அதுவும் கடலோர மணலில் வளர்வதுதான் சிக்கல். கிழங்கு பெரிய வெங்காயம் அளவுக்கும் வரும். வெளிறிய நிறம், உரித்தால் அடுக்கடுக்காகப் பிரியும், சாறு கையில் பட்டால் அரிக்கும். கோடையில் இலையே இல்லாமல் ஒற்றைக் குச்சியாகப் பூத்தண்டு எழும்பும், இலை பின்னால்தான் வரும். அதிலுள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கக்கூடியது. குமட்டல், வாந்தியில் தொடங்கி, நாடித்துடிப்பு தாறுமாறாகி, உயிரையே வாங்கும். நாட்டு வைத்தியத்தில் கால் ஆணிக்கு வாட்டிக் கட்டுவார்கள் என்பதற்காக அது உணவாகிவிடாது. அவித்தாலும் நஞ்சு போய்விடாது.

முற்றிய நரிவெங்காயத்தை அளவை வைத்து ஒதுக்கிவிடலாம். மழை லில்லியை அப்படி ஒதுக்க முடியாது, ஆகவே எங்களுக்கு அதைப் பற்றித்தான் அதிகப் பயம். மழை பெய்த மூன்றாம் நாள் வெள்ளையும் ரோஜாவுமாய்ப் பூக்குமே, வீட்டு வாசலில், பூங்காவில், சாலை நடுவே எல்லாம் நட்டிருப்பது. அதன் இளங்கிழங்கு சிறியது, தோலும் கருப்பழுப்பு. பூங்கா மண்ணைக் கொட்டிய இடத்தில் அது தானாக முளைத்து நிற்கும். பூ இல்லாத நாளில் இலை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். வேறுபாடு இதுதான்: மூன்று விளிம்புத் தண்டு இருக்காது, பூத்தண்டு உருண்டையாக, உள்ளே பொள்ளலாக இருக்கும், கிழங்கை அறுத்தால் வளையம் தெரியும். இதே குடும்பத்து விஷமூங்கிலும் பூங்காக்களில் உண்டு, ஆனால் அதன் அகன்ற இலையே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டிலும் இருக்கும் லைகோரின் என்னும் நஞ்சு கடும் வாந்தியைக் கொண்டுவரும். செங்காந்தள் என்னும் கண்வலிக்கிழங்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடலோர வேலிகளில் கொடியாக ஏறும், கிழங்கு கலப்பை போல் வளைந்திருக்கும், சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சமைத்தவர்கள் செத்திருக்கிறார்கள். அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

தவறுதலாக எதையாவது தின்றுவிட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் உப்புக் கரைசல், புளிக்கரைசல் என்று கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐ அழையுங்கள், இல்லையென்றால் நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் கிழங்கையும் ஓர் இலையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர்களுக்குப் பாதி வேலை குறையும்.

அடையாளம் சரியாகவே இருக்கட்டும். சரியான சிலந்தியரிசியே கிடைத்தாலும் வடசென்னையில் தோண்டாதீர்கள் என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது. காரணம் செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது. துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. இன்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிப் போனால் பல இடங்களில் கடற்கரை என்று பெயருக்கு இருப்பது பாறாங்கல் சுவர். அதன் பின்னால் இருக்கும் மணல் இயற்கை மணலா, எங்கிருந்தோ லாரியில் வந்து கொட்டியதா என்று சொல்ல முடியாது. எண்ணூர் முகத்துவாரத்திலும் கொசஸ்தலையாற்றிலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம், குரோமியம் எல்லாம் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் முகத்துவாரத்துக்குள் வந்து, மீனவர் வலையும் படகும் கறுத்தன. மேலே தெரிந்த எண்ணெயை அள்ளியாகிவிட்டது. மணலுக்குள் இறங்கியதை யார் அள்ளினார்கள்?

கழுவி, நன்றாக வேகவைத்தால் போதாதா என்று கேட்பார்கள். சாக்கடைக் கிருமிக்கு அது போதும். உலோகத்துக்குப் போதாது. வேர் வழியாகக் கிழங்குக்குள் போன ஈயம் தோலை உரித்தாலும் போகாது, குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் ஆவியாகாது. கோரைச் செடிகள் அழுக்கு நீரையும் உலோகத்தையும் தாங்கி உறிஞ்சுபவை. கழிவுநீரைத் தெளியவைக்கும் நாணல் படுகைகளில் சில கோரை வகைகளை நடுவதே அதற்காகத்தான். அந்தக் குணம் உள்ள இனத்தின் கிழங்கை மணலி வாய்க்கால் கரையிலோ பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சுற்றிய நிலத்துக்கும் இதே பதில்தான்.

முகத்துவாரத்துக்கு வடக்கே, காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு நோக்கிப் போகும் மணல்மேடுகள் ஒப்பீட்டளவில் மேல். இந்தச் செடி விரும்பும் நிலமும் அதுதான். இருந்தும் அங்கேயும் தோண்டக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை மணல்மேடுகளை மிகவும் பாதுகாக்கப்பட வேண்டிய முதல் வகையில் வைத்திருக்கிறது. இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் கோரைகளும் சேர்ந்துதான் அந்த மேட்டைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. சல்லடை போட்டுச் சலித்த மணல் அடுத்த காற்றிலேயே பறந்துவிடும், மேடு குழிந்தால் புயல் நாளில் அலை ஊருக்குள் வரும். இன்னொன்று, கிழங்கு முற்றும் பருவமும் பங்குனி ஆமை முட்டையிடும் பருவமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் கரையேறும். முட்டைக்குழி ஒன்றரை அடி ஆழம், மேலே பார்த்தால் தெரியாது. கடப்பாறை ஒரு முறை இறங்கினால் போதும், நூறு முட்டை நாசம். சட்டப்படி அது பெரிய குற்றம் என்பது தனிக் கதை.

அப்படியானால் ருசி பார்க்க வழியே இல்லையா? இருக்கிறது. பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் மணற்பாங்கான சவுக்குத் தோப்பு, மணிலாக் கொல்லை வைத்திருப்பவர்களின் சொந்த நிலத்தில் இது களையாக வந்தால், அவர்கள் அனுமதியோடு ஒரு கைப்பிடி விதைக்கிழங்கு எடுத்து மாடியில் தொட்டியில் போடலாம். மூன்று விளிம்புத் தண்டு, இழை நுனியில் ஒற்றைக் கிழங்கு இரண்டையும் சரிபார்த்த பிறகுதான். அந்த நிலத்துக்குச் சாம்பலோ ஆலைத் தண்ணீரோ வந்ததில்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தின்னும் முறைக்கு வருவோம். ஈரக் கிழங்கை வாளித் தண்ணீரில் கொட்டிக் கையால் அலசினால் சருகும் அழுகலும் மிதக்கும், நல்லது அடியில் தங்கும். மணல் தோலுக்குள் புகுந்திருப்பதால் தண்ணீர் தெளியும்வரை மாற்ற வேண்டும், ஐந்தாறு தண்ணீர் பிடிக்கும். வறுப்பதுதான் நல்ல முறை. இரும்பு வாணலியில் கழுவிக் காயவைத்த மணலைப் போட்டுக் கடலை வறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, கிழங்கைக் கொட்டி நான்கைந்து நிமிடம் விடாமல் கிளறுங்கள். தோல் வெடிக்கத் தொடங்கியதும் சலித்து எடுத்து, சூடு ஆறுமுன் முரட்டுத் துணியில் வைத்துத் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். ஆறிவிட்டால் தோல் ஒட்டிக்கொண்டு மல்லுக்கட்டும். மணலில்லாமல் வெறும் சட்டியில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

மாவுக்கு வெயிலில் நான்கைந்து நாள் காயவைக்க வேண்டும். பல்லில் வைத்தால் நறுக்கென்று உடைய வேண்டும், அழுந்தினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பட்டதைக் கழுவி மறுபடி காயவைக்கும் சிக்கனம் வேண்டாம். காய்ந்ததை உரலில் லேசாகக் குத்தித் தோலை உடைத்து, புடைத்துவிட்டு, பிறகுதான் அரைக்க வேண்டும். தோலோடு அரைத்தால் தோலுக்குள் இருக்கும் மணலும் மாவாகிவிடும், அப்புறம் எந்தச் சல்லடையும் காப்பாற்றாது. இந்த மாவுக்குப் பிடிப்பு கிடையாது. தனியாகத் தட்டினால் ஓரமெல்லாம் விரியும். அரிசி மாவைச் சரிபாதி கலந்து, வெந்நீரில் பிசைந்து, வாழையிலையில் தட்டித் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டால் அடை நிற்கும். முதல் முறை சாப்பிடுகிறவர்கள் சின்ன அடை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

தொட்டிக்கு ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் போதும். அடியில் ஓட்டை கட்டாயம். மூன்று பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், மக்கிய எரு இரண்டு கைப்பிடி. கடல் மணல் வேண்டாம், உப்பும் இருக்கும், மேலே சொன்ன மற்றதும் இருக்கும். எம்-சாண்டின் தூசி நீர் பட்டால் இறுகிவிடும், இழைகள் ஓடாது. எருவை வாரிப் போட்டால் பச்சைப் பசேலென்று இலை வரும், கிழங்கு வராது. பத்துப் பன்னிரண்டு விதைக்கிழங்கை இரண்டு விரல் ஆழத்தில் கூர்முனை மேலே இருக்கும்படி பரவலாகப் புதைத்து, நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் போட்டால் வடகிழக்குப் பருவமழையே பார்த்துக்கொள்ளும். மழை இடைவெளியில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும், தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். தை பிறந்ததும் தண்ணீரைக் குறைத்து, இலை மஞ்சளானதும் நிறுத்திவிடுங்கள். இலை முழுதும் காய்ந்து இரண்டு வாரம் கழித்துத் தொட்டியைப் பழைய சாக்கில் கவிழ்த்துச் சலிக்கலாம். முன்கூட்டியே கவிழ்த்தால் கிழங்கில் மாவு ஏறியிருக்காது, வறுத்தால் சுருங்கிவிடும்.

இதைத் தோட்ட மண்ணில் இறக்காதீர்கள். கோரை கோரைதான், ஒரு முறை பரவிவிட்டால் பிடுங்கித் தீராது. சலித்த மணலையும் செடிப் பாத்தியில் கொட்டாமல் அதே தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விதைக்குப் பெரிதாகப் பார்த்து இருபது கிழங்கை எடுத்து, காய்ந்த மணலோடு காகிதப் பையில் கட்டி, எலி எட்டாத இடத்தில் மாட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து, ஆடிக்குள் அழுகிவிடும்.

இப்படிக்கு,
கடலோரத் தாவரங்களில் ஈடுபாடுள்ள நண்பர்கள்,
திருவொற்றியூர், சென்னை - 19